சிறு சபைகள் பெரிய சபையோடு இணைவது: கேள்வி பதில்

தனிச் சபைகள் பெரிய சபை ஒன்றோடு இணைந்து அதன் கிளைகளாவது பற்றி, இராமநாதபுரம் கரையோரச் சபையார் கேட்டவை. சங்கப் பதிவும் சொத்துப் பத்திரமும் கணக்கும் அறிந்த மூத்த உறுப்பினர் ஒருவர் பதில் சொல்கிறார்.

உச்சிப்புளி: ஐயா, எங்கள் சபையில் 60 பேர். இராமநாதபுரத்துச் சபை ஒன்று கிளையாக வரச் சொல்கிறது. எதிலிருந்து தொடங்க?

இடம் யார் பேரில் இருக்கிறது என்பதிலிருந்து. காணிக்கையில் வாங்கிய மனையாக இருந்தாலும் பத்திரமும் பட்டாவும் பாஸ்டரின் சொந்தப் பெயரில் கிடப்பது இந்தக் கரையில் சகஜம். ஏட்டின்படி அது அவர் சொத்து. அவருக்குப் பிறகு பிள்ளைகள் பங்கு கேட்டு வந்து நின்றால் சபை வழக்குக்குத்தான் அலைய வேண்டும். மூலப்பத்திரம், பட்டா, 30 வருட வில்லங்கச் சான்று மூன்றையும் பக்கத்தில் வைத்து, சர்வே எண்ணும் பரப்பும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சபை பேருக்கு மாற்றத் தானப் பத்திரம் எழுத வேண்டும். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்கு உள்ள சலுகை இதற்குக் கிடையாது. முத்திரைத்தீர்வைக்கான பணத்தை முதலிலேயே ஒதுக்குங்கள்.

அடுத்தது, சபை எப்படிப் பதிவாகியிருக்கிறது என்பது. 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிந்த சங்கம் என்றால் நோட்டீஸ், பொதுக்குழு, சிறப்புத் தீர்மானம், மாவட்டப் பதிவாளர் என்று வழி நேராக இருக்கிறது. இங்கே சறுக்குவது உறுப்பினர் பதிவேட்டில். வாரம் தவறாமல் வருகிறவர் பெயர் ஏட்டில் இருக்காது. ஊரை விட்டுப் போனவர் பெயர் இருக்கும். தீர்மானத்தில் தோற்ற தரப்பு வழக்குக்கு முதலில் பிடிப்பது அதைத்தான். டிரஸ்ட் என்றால், இணைக்கும் அதிகாரம் டிரஸ்ட் பத்திரத்திலேயே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் டிரஸ்டிகள் கூடிக் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது; உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92-ஆம் பிரிவின்படி நீதிமன்றம் போக வேண்டி வரலாம்.

பாம்பன்: எங்களுக்கு வெளிநாட்டுக் காணிக்கை வருகிறது. இணைந்ததும் தாய்ச்சபைக் கணக்குக்கு மாற்றிவிடலாமா?

மாற்றக் கூடாது. 2020 திருத்தத்துக்குப் பின், எஃப்.சி.ஆர்.ஏ. என்னும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் வாங்கிய பணத்தை இன்னோர் அமைப்புக்குக் கொடுப்பதற்கே தடை. வாங்குகிறவரிடம் அந்தப் பதிவு இருந்தாலும் தடைதான். கையெழுத்துக்கு முன் ஆடிட்டரிடம் இதையும், வருமான வரிப் பதிவையும் சேர்த்துக் கேளுங்கள். உங்களிடம் அந்த வரிவிலக்குப் பதிவு இருந்து, சேரும் சபையிடம் இல்லை என்றால், சொத்தின் சந்தை மதிப்பில் கடன் போக மீதிக்கு உச்ச விகிதத்தில் வரி விழும்.

கீழக்கரை: பெயர்ப்பலகையை இப்போதே மாற்றலாமா?

கூடாது. பத்திரம் முடியட்டும்.

தங்கச்சிமடம்: எல்லாக் கிளையிலும் ஞாயிறு காலை 9 மணி ஆராதனை என்கிறார்கள், பிரதர்.

நடக்காது. சனிக்கிழமை போன விசைப்படகு ஞாயிறு காலையில்தான் கரைக்கு வரும். மீனை இறக்கி, ரகம் பிரித்து, ஐஸ் போட்டு, கூலி பிரிக்கிற நேரம் அது. பெண்களும் ஏலத்தில் நிற்பார்கள். மாலை 6.30 என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். இன்னொன்று: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த மாதங்களின் காணிக்கையை வைத்துக் கிளையின் ஆண்டு வருமானத்தைக் கணக்குப் போட்டால் பட்ஜெட் தப்பும். மூன்று வருடச் சராசரி எடுங்கள்.

சாயல்குடி: அமெரிக்காவில் போல ஒரே பாஸ்டர் திரையில் பேச, கிளைகளில் எல்லாரும் பார்க்கலாமே?

ஓக்லஹோமாவில் 1996-இல் தொடங்கிய லைஃப் சர்ச், 2001-இல் இன்னொரு சபையோடு இணைந்து பல இடச் சபையானது. திரைப் பிரசங்கத்தால் பெரிதாகப் பரவியது. சியாட்டிலின் மார்ஸ் ஹில் சபையும் அப்படித்தான் வளர்ந்தது. 2014 அக்டோபரில் அதன் பிரசங்கியார் மார்க் டிரிஸ்கால் விலகினார். அந்த ஆண்டு முடிவோடு சபையே கலைக்கப்பட்டது. கிளைகள் தனித்தனியே பிழைக்க வேண்டியதாயிற்று. ஒரே குரலை நம்பி நிற்பதன் ஆபத்து அது.

மண்டபம்: ஒரே செய்தி கேட்டால்தானே ஒரே சபை?

வேதபகுதி ஒன்றாக இருக்கட்டும், குறிப்பைப் புதன்கிழமையே அனுப்பட்டும். பேசுவது கிளை ஊழியராக இருக்கட்டும்.

சாயல்குடி: எங்கள் பாஸ்டருக்குப் பிரசங்க வரம் குறைவு, ஐயா.

மாதத்தில் ஒரு வாரம் திரை வையுங்கள், தவறில்லை. கடலுக்குப் போனவன் திரும்பாத வீட்டில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பவர் அந்தப் பாஸ்டர்தானே? ஞாயிற்றுக்கிழமை அவரைப் பின்வரிசையில் உட்கார வைத்தால் அந்த வீட்டார் எத்தனை நாள் வருவார்கள்?

மண்டபம்: அப்படியென்றால் இணைவதே எதற்கு?

கணக்குத் தணிக்கைக்கு, ஞாயிறு பள்ளிப் பாடத்துக்கு, ஊழியர் பயிற்சிக்கு, ஒரு பாஸ்டர் படுத்துவிட்டால் மாற்று ஆள் வருவதற்கு. 60 பேர் சபை தனியாகச் சுமக்க முடியாதவை இவை. பிரசங்கம் அதில் சேராது.

ஏர்வாடி: பழைய பாஸ்டருக்கு மறுபடி கைவைத்து அபிஷேகம் செய்ய வேண்டும் என்கிறார்கள்.

ஒத்துக்கொள்ளாதீர்கள். பல பிரிவுச் சபைகள் இணைந்து உருவான தென்னிந்தியத் திருச்சபைக்கான பேச்சு 1919-இல் தரங்கம்பாடியில் தொடங்கி 1947 செப்டம்பர் 27-இல்தான் முடிந்தது. நெடுங்காலம் இழுத்த சிக்கல் இதுவே. கடைசியில் எந்தப் பிரிவுக் குருவுக்கும் மறு அபிஷேகம் இல்லை என்றே இணைந்தார்கள். உங்கள் பாஸ்டரின் பதவி, சம்பளம், குடியிருக்கும் வீடு, பிரிய நேர்ந்தால் கட்டடம் யாருக்கு என்ற நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு நிற்காது.

தொண்டி: இணைந்த பின் கல்யாணம் நடத்துவது யார்?

1872-ஆம் ஆண்டு கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தில் அரசு தரும் உரிமம் ஆளுக்கு, சபைக்கு அல்ல. தாய்ச்சபைப் போதகரிடம் இருக்கிறது என்பதை வைத்துக் கிளைப் போதகர் நடத்திவிட முடியாது. தேதி குறிக்கும் முன் உரிமத்தைக் கண்ணால் பாருங்கள்.

திருப்பாலைக்குடி: நாங்களும் இணைகிறோம். எதிலிருந்து தொடங்க?

மேலே உச்சிப்புளிக்குச் சொல்லியாயிற்று.

தேவிபட்டினம்: எங்கள் இடம் பாஸ்டர் பேரில்தான், ஆனால் நல்லவர்...

நல்லவராக இருக்கும்போதே எழுதி வாங்குங்கள். பிள்ளைகளிடம் கேட்கிற நிலைமை வரக் கூடாது.

வாலிநோக்கம்: இணைந்ததும் வீட்டில் நடக்கும் கூட்டத்துக்குப் பெரிய கட்டடம் கட்டித் தருகிறார்களாம்.

வழிபாட்டுக் கட்டடத்துக்கு ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். ஊராட்சி ரசீது போதாது. இடம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வருகிறதா என்பதையும் பாருங்கள். வந்தால் அந்த அனுமதியும் தனியாக வேண்டும். இரண்டும் கைக்கு வராமல் அஸ்திவாரம் தோண்டாதீர்கள்.