குசநாகி வாளைப் பார்க்க முடியுமா?

ஜப்பானின் நகோயாவில் ஒரு நாள் இருக்கிறது, அட்சுதா ஆலயத்தில் குசநாகி வாளைப் பார்க்க டிக்கெட் எங்கே வாங்குவது என்று கேட்டிருந்தீர்கள். டிக்கெட்டே கிடையாது. ஜப்பானியப் பேரரசர்களின் மூன்று புனிதப் பொருட்களில் ஒன்றான அந்த வாள், அங்கே தெய்வத்தின் உறைவிடம். பொதுமக்களுக்குக் காட்டுவதில்லை. 2019இல் பேரரசர் நருஹிதோ பதவியேற்றபோதுகூட அரண்மனையில் இருக்கும் மாற்று வாளைத்தான் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தார்கள். 1185 தன்னோஊரா கடற்போரில் ஒரு வாள் மூழ்கிப்போனதாகச் சொல்வார்களே, அதையும் மாற்று வாள் என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள்.

உங்களைக் குழப்பியது பெயராக இருக்கலாம். ஆலய வளாகத்தில் 2021இல் திறந்த வாள் காட்சியகத்துக்கு ‘குசநாகி கான்’ என்று பெயர். உள்ளே இருப்பவை பக்தர்கள் காணிக்கையாகக் கொடுத்த வாள்கள். அதற்குக் கட்டணம் உண்டு. என்னைக் கேட்டால் கட்டாயம் போங்கள். ஜிங்கு-மாயே ஸ்டேஷனில் இறங்கினால் நடந்தே போய்விடலாம்.