சிற்றூர்ச் சங்கத்தில் சேர்வது – கடிதம்

வணக்கம் ஐயா,

ஸ்டுட்கார்ட்டுக்குக் கிழக்கே இருபத்தைந்தாயிரம் பேர் வாழும் ஒரு சிற்றூரில் இருக்கிறோம். நான் வாகன உதிரிபாக நிறுவனம் ஒன்றில் மின்னணுப் பொறியாளர், ப்ளூ கார்டில் (உயர்கல்வி பெற்ற வெளிநாட்டவருக்கான வேலை-வசிப்பு அனுமதி) வந்தவன். மனைவி குடும்ப விசா. எனக்கு பி1 அளவு (இடைநிலை) ஜெர்மன், அவருக்கு ஏ2 (அடிப்படை). இரண்டு வருடமாகியும் பக்கத்து வீட்டுக்காரரோடு ‘ஹலோ’வைத் தாண்டிப் பேச்சில்லை. சனி ஞாயிறென்றால் நம்மூர் ஆட்களோடு பிரியாணிதான். இந்த ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டுமென்று ஆசை. இலவச உணவு மையம், அகதிக் குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருவது, தீயணைப்பு என மூன்று இடங்களுக்கு “எந்த உதவியானாலும் செய்கிறேன்” என்று மின்னஞ்சல் அனுப்பினேன். பதிலே இல்லை. நாமே ஒரு தமிழ்ப் பண்பாட்டுச் சங்கம் தொடங்கிவிடலாம் என்கிறார்கள் நண்பர்கள். இதனால் விசாவுக்குச் சிக்கல் வருமா? தன்னார்வப் பணி செய்தால் குடியுரிமை சீக்கிரம் கிடைக்கும் என்பது உண்மையா?

சரவணன்

அன்புள்ள சரவணன்,

குடியுரிமையை முதலில் முடித்துவிடுவோம். 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்த சட்டத்தில், சி1 அளவு (உயர்நிலை) மொழியும் தன்னார்வப் பணி போன்ற தனிச்சிறப்பும் இருந்தால் மூன்றாண்டில் விண்ணப்பிக்க ஒரு வழி இருந்தது. 2025 அக்டோபரில் அதை நீக்கிவிட்டார்கள். இப்போது ஐந்தாண்டுதான். அந்தக் கணக்கோடு போகாதீர்கள். ஊதியமில்லாத பணிக்கு ப்ளூ கார்டு தடையில்லை. பணம் கைமாறும்போதுதான் கவனம் வேண்டும். விளையாட்டுப் பயிற்சியாளர் போன்ற பணிகளுக்குச் சங்கங்கள் சிறு தொகை தருவதுண்டு. 2025இல் ஆண்டுக்கு 3000 யூரோ வரை அதற்கு வரி இருக்கவில்லை. அப்படி வாங்குவதானால் வேலை ஒப்பந்தத்தில் துணைவேலை பற்றிய பிரிவைப் படித்து, நிறுவனத்துக்கு எழுதிக் கொடுங்கள்.

பதில் வராததற்கு அவமதிப்பு காரணமில்லை. ஜெர்மன் சிற்றூர்களில் பாட்டுக்குழு, கால்பந்து, தீயணைப்பு எல்லாமே ‘ஃபெராய்ன்’ என்ற பதிவுபெற்ற சங்கங்களாகவோ அதைப் போன்ற அமைப்புகளாகவோ நடப்பவை. அவற்றின் மின்னஞ்சலைப் பார்ப்பவரும் உங்களைப் போல வேலைக்குப் போய்விட்டு வந்து இரவில் திறப்பவர். “எந்த உதவியானாலும்” என்று எழுதினால் உங்களுக்கொரு வேலையைக் கண்டுபிடிக்கும் வேலை அவர் தலையில் விழுகிறது. அவர் பிறகு பார்க்கலாம் என்று வைத்துவிடுவார். அவர்கள் திறந்திருக்கும் நேரத்தில் நேரே போய் நில்லுங்கள். மூன்று வாக்கியம் போதும்: நான் இன்னார், எனக்கு இது தெரியும், மாதத்தில் இந்தக் கிழமை இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை வர முடியும். எதிலே சேர்வதென்று தெரியாவிட்டால் நகராட்சியில் தன்னார்வப் பணிக்கென ஒருவரோ தனி அலுவலகமோ பெரும்பாலும் இருக்கும்.

நீங்கள் எழுதிய மூன்றையும்விட உங்களுக்குப் பொருத்தமானது ரிப்பேர் கஃபே, அதாவது பழுதான பொருள்களைத் தன்னார்வலர்கள் சரிசெய்து தரும் கூடல். 2009இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கியது, இன்று ஜெர்மனியின் சிற்றூர்களிலும் நடக்கிறது. பெரும்பாலும் மாதம் ஒரு சனிக்கிழமை, மூன்று நான்கு மணி நேரம். பழுதான பொருளைக் கொண்டுவருபவர் உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். பி1 மொழிக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. பேசவேண்டிய பொருள் மேசைமேல் கிடக்கும், சொல் வராவிட்டால் விரலால் காட்டலாம். ஒரே ஆளோடு நாற்பது நிமிடம். பக்கத்து வீட்டுக்காரரே ஒருநாள் கேசட் பிளேயரோடு வந்து நிற்கக்கூடும்.

அடிக்கடி வருபவை காபி இயந்திரமும் மேசைவிளக்கும்தான். ஒயர் அறுந்திருப்பது பெரும்பாலும் சாதனத்துக்குள் அது நுழையும் வளைவில், அங்கிருந்து பாருங்கள். சூடேறும் சாதனம் செத்திருந்தால் வெப்ப ஃபியூஸை மீட்டரில் சோதியுங்கள். புதியதைப் பற்றவைக்கக் கூடாது, சால்டரிங் சூட்டிலேயே அது போய்விடும். கிரிம்ப் செய்துதான், அதாவது உலோக இணைப்பியை நசுக்கி இறுக்கித்தான், இணைக்க வேண்டும். மின்னணுக்காரர்கள் வழுக்கும் இடம் இது. மைக்ரோவேவ் அடுப்பைப் பல இடங்களில் திறக்கவே விடமாட்டார்கள். மின்தேக்கியில் இணைப்பைத் துண்டித்த பிறகும் உயிருக்கு ஆபத்தான மின்னேற்றம் நிற்கும். சரிசெய்ததைத் திருப்பிக் கொடுக்குமுன் பாதுகாப்புச் சோதனை உண்டு: எர்த் ஒயரின் தடை, ஐந்து மீட்டர் வரையிலான கேபிளுக்கு, 0.3 ஓமுக்குள் இருக்க வேண்டும். எர்த் இல்லாத இரட்டைக் காப்புச் சாதனத்தில் காப்புத்தடை குறைந்தது 2 மெகா ஓம். அதற்கான சோதனைக் கருவியும் அதை இயக்கப் பயிற்சி பெற்றவரும் அங்கிருப்பார்கள். அவரைத் தாண்டி எதையும் கொடுத்தனுப்பாதீர்கள். கொண்டுவருபவர் பொறுப்புவிலக்குப் படிவத்தில் கையெழுத்திட்ட பிறகே முதல் ஸ்குரூவைத் தொடவேண்டும்.

இலவச உணவு மையம் என்று நீங்கள் எழுதியது ‘டாஃபெல்’. 1993இல் பெர்லினில் தொடங்கியது. இன்று நாடு முழுக்க 900க்கு மேல். இது உங்களைவிட உங்கள் மனைவிக்குத் தோதானது. கடைகளிலிருந்து வண்டி வருவதும் பிரிப்பதும் வேலைநாள் காலையில் நடப்பதால் அலுவலகம் போகிறவருக்கு நேரம் ஒத்துவராது. வேலை முழுக்க வாழைப்பழ அட்டைப்பெட்டிகளைத் தூக்குவதும் அழுகியதைக் கழிப்பதும்தான். உறுதியான காலணி தேவை. ‘குறைந்தபட்சம் இதுவரை நன்றாயிருக்கும்’ என்ற தேதி தாண்டிய தயிரைப் பார்த்து, முகர்ந்து கொடுக்கலாம். ‘இதற்குள் பயன்படுத்துக’ என்ற தேதி தாண்டிய கொத்துக்கறியை, எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும், எறிந்தே ஆகவேண்டும். புதிதாக வருபவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். உணவைத் தொடும் வேலை என்பதால் சுகாதார அலுவலகத்தின் அறிவுறுத்தல் வகுப்புக்கு அனுப்பலாம். வாங்க வருபவர்களில் ஓய்வூதியம் போதாத ஜெர்மன் முதியவர்களும் இருப்பார்கள். அங்கே செல்ஃபி எடுத்து வாட்ஸாப்பில் போட்டால் அதுவே கடைசி நாளாகிவிடும்.

குழந்தைகளோடு வேலை என்றால் விரிவான நன்னடத்தைச் சான்று கேட்பார்கள். அமைப்பு தரும் கடிதத்தோடு குடிமக்கள் அலுவலகத்தில் விண்ணப்பித்தால் தன்னார்வலருக்குக் கட்டணமில்லை. கடிதமில்லாமல் போனால் பணம் கட்டவேண்டி வரும். சில வாரத்தில் வீட்டுக்கே தபாலில் வரும். பல இடங்களில் மூன்று மாதத்துக்கு மேல் பழையதானால் ஏற்கமாட்டார்கள், ஆகவே இடம் உறுதியான பிறகு விண்ணப்பியுங்கள்.

தீயணைப்புக்கு இப்போதே போகாதீர்கள். இத்தகைய ஊர்களில் தீயணைப்பது தன்னார்வலர்கள்தான், வெளிநாட்டவரும் சேரலாம். ஆனால் அடிப்படைப் பயிற்சியே குறைந்தது 70 மணி நேரம், வயர்லெஸ் பேச்சுக்கு 16, சுவாசக் கருவிக்கு 25. புகைக்குள் வயர்லெஸ்ஸில் சொல்வதை “இன்னொருமுறை சொல்லுங்கள்” என்று கேட்க முடியாது. பி2 வந்த பிறகு போங்கள். தாடி இருந்தால் முகமூடி முகத்தோடு ஒட்டாது, மழிக்கச் சொல்வார்கள்.

தமிழ்ச் சங்கம்? சட்டப்படி கடினமில்லை. ஏழு பேர் கையெழுத்து, விதிமுறை, நோட்டரி வழியாக நீதிமன்றப் பதிவு, வரிவிலக்குக்கு வரி அலுவலகம். பிறகு பொதுக்குழு, கணக்குத் தணிக்கை, நிகழ்ச்சிக்குறிப்பு என்று ஓயாத காகித வேலை. இவ்வளவுக்கும் பிறகு உங்கள் எதிரில் இருப்பது அதே பிரியாணி ஏழு பேர். உங்கள் சிக்கலுக்கு இது மருந்தில்லை. தமிழுக்குத்தான் செய்ய ஆசையென்றால், ஈழத்தமிழர்கள் பல நகரங்களில் வார இறுதிகளில் நடத்தும் தமிழ்ப் பள்ளிகளில் ஆசிரியர் தேவை இருக்கிறதா என்று கேளுங்கள். 2002இல் குடமுழுக்கு கண்ட ஹம் நகரின் காமாட்சி அம்மன் கோயில் அவர்கள் எழுப்பியதுதான். நமக்கு முன்பே இந்த நாட்டின் சங்கச் சட்டங்களையெல்லாம் கற்றுத் தேர்ந்தவர்கள்.

சேர்ந்த இடத்தில் கோடைவிழா வரும். உதவிப் பட்டியல் சுற்றுக்கு வரும்போது, எல்லோரும் தவிர்க்கிற கடைசி வரிசையில், கூடாரம் பிரிக்கும் நேரத்தில் பெயர் எழுதுங்கள். சங்கத்தின் உள்வட்டம் அந்த நேரத்தில்தான் இருக்கும், பேச்சும் அப்போதுதான் நடக்கும். உணவு கொண்டுபோனால் ஒவ்வாமைப் பொருள்களை எழுதி ஒட்ட வேண்டும்: முந்திரி, கடுகு, எள், பால், கோதுமை. பக்கோடா கடலைமாவுதானே என்று கோதுமை இல்லை என எழுதிவிடாதீர்கள். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்.

வாரம் மூன்று நாள் என்று தொடங்கி மூன்றாம் மாதம் காணாமல் போவதைவிட மாதம் ஒருநாள் போதும். ஊருக்கு ஆறு வாரம் போவதானால் டிக்கெட் எடுத்த அன்றே ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லிவிடுங்கள். பணி மாற்றலாகி வேறு நகரம் போனால், உறுப்பினர் விலகலைத் தனியாகக் கடிதத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் ஆண்டு முடிவில்தான் அது செல்லும். எழுதாவிட்டால் சந்தா உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து தன்பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.