தொட்டால் வலிக்குமோ என்று ஒதுங்குகிறார்

கேள்வி: அக்கா, எனக்கு 41 வயது, அம்பாசமுத்திரம் பக்கம். புற்றுநோய்க்காக இடது மார்பை எடுத்துவிட்டு, வயிற்றுச் சதையை வைத்துப் புது மார்பு அமைத்தார்கள். குளிக்கும்போது குனிந்து பார்க்கவே பிடிக்கவில்லை, தொட்டால் மரக்கட்டை மாதிரி இருக்கிறது. வீட்டுக்காரர் இப்போதெல்லாம் வெளியே தார்சாவில்தான் தனியாகப் படுக்கிறார். என்னைப் பிடிக்காமல் போய்விட்டதா?

பதில்: தங்கச்சி, அவர் மனதில் இருப்பதை அவர்தான் சொல்லவேண்டும், ஆனால் வலிக்குமோ, தையல் பிரிந்துவிடுமோ என்ற பயத்திலேயே ஒதுங்குகிற ஆண்கள் நிறைய உண்டு, அதனால் இங்கே தொடலாம், இங்கே வேண்டாம் என்று நீயே அவர் கையைப் பிடித்துக் காட்டு. உணர்வு போனது உன் மனக்கோளாறு இல்லை. மார்பை எடுக்கும்போது தோலுக்கு வரும் நரம்புகள் அறுபடுகின்றன, ஓரளவு திரும்பலாம், முழுசாகத் திரும்புவது அபூர்வம். கழுத்து, காதுமடல், முதுகு எல்லாம் அப்படியேதானே இருக்கிறது, அங்கிருந்து ஆரம்பியுங்கள். தழும்பு மங்க ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாம். காம்பு இல்லாதது உறுத்தினால் சின்ன அறுவை சிகிச்சையாலோ பச்சை குத்தியோ அமைக்கலாம், கட்டாயமில்லை.

புற்றுநோய் திரும்பாமலிருக்கக் கொடுக்கிற தமாக்சிஃபென் மாத்திரை சாப்பிடுகிறாயா? அதனால் பெண்ணுறுப்பு வறண்டு, சேரும்போது எரியலாம். அதற்கென்றே மருந்துக்கடையில் வழுவழுப்பான ஜெல் கிடைக்கும், கூச்சப்படாமல் வாங்கு; ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கலந்த க்ரீமை மட்டும் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் தொடாதே. அந்த மாத்திரை சாப்பிடும்போது கர்ப்பமும் கூடாது, ஆணுறையோ காப்பர் டியோ போதும், கருத்தடை மாத்திரை வேண்டாம். உடலுறவால் நோய் திரும்பாது, அவருக்கு ஒட்டவும் ஒட்டாது, யார் என்ன சொன்னாலும் சரி. அடுத்த பரிசோதனைக்குப் பாளையங்கோட்டை போகும்போது அவரை வெளியே பெஞ்சில் உட்காரவைக்காமல் உள்ளே கூட்டிப் போ, இதையெல்லாம் டாக்டரிடம் அவரே கேட்கட்டும்.