டைப் 1 சர்க்கரை நோயுள்ள பிள்ளை படிப்பில் பின்தங்கினால் உளவியலாளர் என்ன செய்வார்?

எட்டாம் வகுப்பில் படிக்கும் உங்கள் மகனுக்கு, உடம்பில் இன்சுலின் சுரக்காத டைப் 1 சர்க்கரை நோய் இருப்பதாகவும், மதிப்பெண் குறைந்துகொண்டே வருவதால் மருத்துவர் உளவியலாளரைப் பார்க்கச் சொன்னதாகவும், 'பேசினால் மார்க் ஏறிவிடுமா' என்றும் கேட்டிருக்கிறீர்கள். மருத்துவமனையொன்றின் குழந்தைகள் நலப் பிரிவில் இதே வேலையைச் செய்பவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

பேச்சுக்கு முன்னால் நான் கேட்பது பள்ளியின் பாடவேளை அட்டவணையை. அதையும், ரத்தச் சர்க்கரையை அளக்கும் கருவியான குளுக்கோமீட்டரில் பதிவான அளவுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். ஒரு சிறுவனுக்குக் கணக்கில் மட்டும் மதிப்பெண் சரிந்தது. விளையாட்டு வேளை முடிந்த கையோடு கணக்கு வகுப்பு இருந்ததும், ஓடியாடி வந்த அந்த நேரத்தில் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கிக் கை நடுங்கி வியர்த்துப்போய் அவன் உட்கார்ந்திருந்ததும் பிறகுதான் தெரிந்தது. ஆசிரியர் டைரியில் 'கவனக்குறைவு' என்று எழுதியிருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், ஏனெனில் நோயைப் பற்றி யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. சர்க்கரை ஏறிய நாளில் பிள்ளை அடிக்கடி சிறுநீர் கழிக்க அனுமதி கேட்பதும் இப்படித்தான் சாக்குப்போக்காகத் தெரிகிறது.

சொல்லாமல் விடுவது பெரும்பாலும் வீட்டாரின் முடிவு, அதிலும் பெண் பிள்ளையென்றால் 'நாளைக்குக் கல்யாணம் எப்படி நடக்கும்' என்ற பயம். அதனால் கழிப்பறையில் ஒளிந்து ஊசி போட்டுக்கொள்ளும் சிறுமியரையும், அதற்கும் கூச்சப்பட்டு மதிய இன்சுலினையே விட்டுவிடுபவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களோடு நான் செய்வது ஒத்திகைதான்: கேலி செய்யும் வகுப்புத் தோழனாக நான் நடிக்க, 'இது தொற்று நோய் இல்லை, மிட்டாய் தின்று வந்ததும் இல்லை, என் உடம்பில் இன்சுலின் சுரக்கவில்லை' என்று திணறாமல் சொல்லிப் பழகுவார்கள். (என் நடிப்பைப் பார்த்துச் சிரித்துவிடுவதும் உண்டு.)

பெற்றோரோடும் வேலை இருக்கிறது. பிள்ளை வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் 'இன்னைக்கு எவ்வளவு இருந்துச்சு?' என்று கேட்டால், அந்த எண்ணும் இன்னொரு மதிப்பெண்ணாகிவிடுகிறது. சில மாதங்களில், பிள்ளை சர்க்கரை அளவை எழுதிவைக்கும் நோட்டில் 110, 120, 130 என்று அழகான எண்கள் வரத் தொடங்கும்; கருவியின் நினைவகத்தில் 280 இருக்கும்.

பள்ளிக்கு மருத்துவரும் நானும் சேர்ந்து கடிதம் எழுதுவோம். சர்க்கரை இறங்கினால் வகுப்பிலேயே 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பரிசோதிக்க வேண்டும், தனியே எங்கும் அனுப்பக் கூடாது என்று அதில் இருக்கும். சிபிஎஸ்இ 2017இலேயே பொதுத்தேர்வு அறைக்குள் இத்தகைய மாணவர்கள் தின்பண்டம் கொண்டுசெல்ல அனுமதித்தது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையமும் 2023இல் மாநிலங்களுக்கு எழுதியது. ஆனால் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் தலசீமியா, ஹீமோஃபிலியா என்ற ரத்த நோய்கள் உண்டு, டைப் 1 இல்லை. ஆகவே நடைமுறையில் பலவும் தலைமையாசிரியரின் மனத்தைப் பொறுத்தே அமைகின்றன என்பது என் வருத்தம்.

இவையெல்லாம் சரியான பிறகும் வாசிப்பிலோ கணக்கிலோ தடுமாற்றம் நீடித்தால்தான் கற்றல் குறைபாட்டுக்கான சோதனை செய்வேன், அதுவும் அன்றைய சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு.

முதல் சந்திப்புக்கு வரும்போது நோட்டை விட்டுவிட்டு, குளுக்கோமீட்டரையும் பாடவேளை அட்டவணையையும் எடுத்து வாருங்கள். மகனோடு நான் தனியே பேசும் அரை மணி நேரம் நீங்கள் வெளியே காத்திருக்க வேண்டியிருக்கும்.