மெல்லுவதில்லை, அதக்குகிறார்கள்

கேள்வி: பொலிவியாவில் சட்டப்படியே கோகா பயிரிட்டு, நாள் முழுக்க அந்த இலையை மென்று போதையில் கிடக்கிறார்களாமே? உலக நாடுகள் ஏன் தடுக்கவில்லை?
- ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: ‘மென்று’ என்கிறீர்களே, அங்கேதான் கோளாறு. ஆண்டிஸ் மலைக்காரர்கள் கோகா இலையை மெல்லுவதில்லை. ஒவ்வோர் இலையாக வாயில் போட்டு, எச்சிலில் நனைத்து, கொடுப்பில் ஒதுக்கி வைத்து, மணிக்கணக்கில் சாற்றை விழுங்குகிறார்கள். அவர்கள் மொழியில் அது அகுயிகோ. தமிழில் அதக்குதல். எவ்வளவு கச்சிதமான சொல்! புகையிலை அதக்கும் பாட்டிகளைப் பார்த்து வளர்ந்தவர்களே, ஆங்கிலத்தில் ‘சூயிங்’ என்று இருப்பதால் ‘மெல்லுதல்’ என்று எழுதித் தள்ளுகிறார்கள். இந்த மொழிபெயர்ப்புச் சோம்பலோடு எனக்குப் பல வருடச் சண்டை. கோகா இலைச் செய்திக்குச் சாக்லெட் செய்யும் கோகோ காயின் படத்தைப் போட்ட நாளிதழையும் பார்த்திருக்கிறேன். ஒன்றுக்கொன்று உறவே இல்லாத இரண்டு செடிகள் ஐயா அவை!

வெறும் இலையை அதக்கினால் போதாது. பொலிவியாவிலும் பெருவிலும் கீன்வா என்ற தானியச் செடியின் தட்டையை எரித்த சாம்பலைக் கட்டியாக்கி, கூடவே துளி கடித்துக்கொள்வார்கள். கொலம்பியாவின் சியரா நெவாடா மலையில் கோகி பழங்குடி ஆண்கள் கடல் கிளிஞ்சலைச் சுட்டுப் பொடித்து, குடுக்கையில் அடைத்து, குச்சியால் தொட்டு வாயில் வைக்கிறார்கள். நம் வெற்றிலைக்குத் தடவும் அதே கிளிஞ்சல் சுண்ணாம்பு! சாம்பலோ சுண்ணாம்போ சேர்ந்தால்தான் இலையின் சத்து எச்சிலில் இறங்கும்.

போதையில் யாரும் கிடப்பதில்லை. காய்ந்த இலையில் கொக்கெய்ன் ஏறக்குறைய ஒரு சதவீதம், பெரும்பாலும் அதற்கும் கீழே. அதுவும் மெல்ல மெல்ல ஊறுகிறது. பசியும் களைப்பும் அடங்கும், அவ்வளவுதான். பொலிவியாவின் பொட்டோசி சுரங்கத் தொழிலாளி கொடுப்பு நிறைய இலையோடு குழிக்குள் இறங்குவது படுத்துக் கிடக்க அல்ல, பாறை உடைக்க. உலகம் பயப்படும் கொக்கெய்ன் என்ற வெள்ளைப் பொடி, 1860 வாக்கில் ஆல்பர்ட் நீமன் என்ற ஜெர்மானியர் ஆய்வகத்தில் பிரித்தெடுத்தது. மலைக்காரர்களோ அதற்குப் பல நூற்றாண்டு முன்பிருந்தே இலையை அதக்கியவர்கள்.

தடுக்கவில்லையா? தடுத்தார்கள்! 1961 ஐ.நா. போதைமருந்து ஒப்பந்தம், 25 ஆண்டுக்குள் இந்தப் பழக்கமே ஒழிய வேண்டும் என்றது. பாட்டன் காலத்துப் பழக்கத்துக்குக் கெடு வைக்க இவர்கள் யார்? தானே கோகா விவசாயியாக இருந்த ஏவோ மொராலெஸ் அதிபரான பிறகு, 2011-ல் பொலிவியா ஒப்பந்தத்தை விட்டு வெளியேறுவதாக அறிவித்தது. அதக்கும் உரிமையை விலக்காக எழுதி வைத்து 2013-ல் திரும்பி வந்தது. எதிர்த்தவை 15 நாடுகள். தடுக்க அது போதவில்லை. அங்கும் இஷ்டத்துக்குப் பயிரிட முடியாது. 2017 சட்டப்படி உச்சவரம்பு 22,000 ஹெக்டேர்.

அதக்குதலை உங்கள் பக்கம் வேறு எப்படிச் சொல்கிறார்கள்? எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.