மணை அவருடையது, விருந்து மட்டும் உங்களுடையதா?

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறோம். கணவர் மருத்துவமனையில் வேலை பார்க்கிறார். அவருடன் வேலை செய்யும் 12 பேரை ஒரு சனிக்கிழமை மாலை வீட்டுக்கு அழைத்திருக்கிறோம். இரவுக்கு ஆம்பூர் பிரியாணி சொல்லியாகிவிட்டது. அதற்கு முன், பெரிய பலகையில் பன்றிக்கறியில் செய்த ஹாம், சலாமி, அப்புறம் சீஸ், பழம், பிஸ்கட் எல்லாம் பரப்பி, எல்லோரும் எடுத்துச் சாப்பிடும் ‘ஷார்குட்டரி போர்டு’ செய்ய ஆசை. என்ன வாங்குவது, எவ்வளவு வாங்குவது, நம்ம ஊர் வெயிலுக்குத் தாங்குமா? பலகை வாங்க வேண்டியதில்லை. மாமியார் கல்யாணத்துக்கு அவர் தாய்வீட்டில் கொடுத்த தேக்கு மணை பரணில் இருந்தது, எடுத்துத் தேய்த்து வைத்துவிட்டேன். அவருக்குப் பன்றிக்கறி வாசனையே ஆகாது. அன்றைக்குக் குடியாத்தத்தில் நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம், அவருக்கும் ஓய்வாக இருக்கும். அழகாக அடுக்க யோசனை சொல்லுங்கள்.
— வாசகி, வேலூர்

பதில்: அடுக்குவதைப் பிறகு பார்க்கலாம். முதலில் அந்த மணை.

எடுப்பதற்கு முன்னால் அவரிடம் கேட்டீர்களா? கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன், கேட்டதாக ஒரு வரி இல்லை. மணை யாருடையது, எப்போது கொடுத்தது, எந்த மரம் என்று எல்லாம் உங்களுக்குத் தெரிகிறது. அப்படியென்றால் அவர் அதைப் பற்றி உங்களிடம் உட்கார்ந்து பேசியிருக்கிறார், நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். அதன் பிறகும் அதை இறக்கி, தேய்த்து, அவருக்கு ஆகாத பன்றிக்கறியை அதன் மேல் பரப்பத் திட்டம் போட்டு, மணைக்குச் சொந்தக்காரரைக் குடியாத்தம் பஸ்ஸில் ஏற்றுகிறீர்கள். ஏம்மா, இது உங்களுக்கே உறுத்தவில்லையா?

‘அவருக்கும் ஓய்வாக இருக்கும்’ என்ற வரி எனக்கு நன்றாகப் பழக்கம். வயதானவர்களை விசேஷ நாளில் வேறு வீட்டுக்கு அனுப்புகிறவர்கள் எல்லோரும் இதைத்தான் எழுதுகிறார்கள். அனுப்பப்படுகிறவர் எழுதி நான் பார்த்ததில்லை. ஓய்வு வேண்டுமென்றால் அவரே கேட்பார். மகன் தன் நண்பர்களை அழைத்திருக்கிறான் என்று தெரிந்தால் அவர் நல்ல புடவை எடுத்து வைப்பாரே தவிர, பையைக் கட்ட மாட்டார்.

உங்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. கடிதம் முழுவதும் ‘அனுப்பிவிடுகிறோம்’ என்று பன்மையில் இருக்கிறது, ஆனால் உங்கள் கணவர் வாயைத் திறந்ததாகத் தெரியவில்லை. அவருக்குக் காது குத்தியபோது தாய்மாமன் அவரை மடியில் வைத்துக்கொண்டு இதே மணையில்கூட உட்கார்ந்திருக்கலாம். தன் அம்மா இருக்கும் வீட்டுக்கு ஆட்களை அழைப்பவர், ‘இவங்கதான் எங்க அம்மா’ என்று 12 பேருக்கும் சொல்ல வேண்டும். மனைவி ஏற்பாடு செய்துவிட்டாள் என்று ஒதுங்கிக்கொள்வது மகனுக்கு அழகில்லை. இந்தப் பக்கத்தை அவரிடமும் படிக்கக் கொடுங்கள்.

பெரியவர் இருக்கும் வீட்டில், அவருக்கு ஆகாத ஒரு பொருளை ஒரு நாள் மாலைக்காக உள்ளே கொண்டுவந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எந்த விருந்துக்கும் கிடையாது. பிரான்ஸில் ஷார்குட்டரி என்றால் பெரும்பாலும் பன்றிதான், உண்மை. ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில் இறைச்சி கெடாமல் இருக்க உப்பிட்டார்கள், புகை போட்டார்கள். உப்பு ஈரத்தை இழுத்துவிடும், ஈரம் குறைந்தால் கிருமி வளராது. நம் வீடுகளில் ஆட்டுக்கறியை வாராக அரிந்து, உப்பும் மஞ்சளும் மிளகாயும் தடவி, கயிற்றில் கோத்து வெயிலில் காயவிடும் உப்புக்கண்டமும் இதே வேலைதான். அதைச் சின்னத் துண்டுகளாக்கி நல்லெண்ணெயில் பொரித்து வையுங்கள். எந்தக் கடை சலாமியும் அதன் பக்கத்தில் நிற்காது. போடத் தெரியுமா என்று மாமியாரைக் கேளுங்கள். நன்றாகக் காயச் சில நாள் நல்ல வெயில் வேண்டும், அதனால் இன்றைக்கே கேளுங்கள்.

பன்றியை விடச் சொல்வது அவருக்காக மட்டுமில்லை. வேலூரில் 12 பேரை அழைத்தால் பன்றி தொடாதவர் இருப்பார், மாடு தொடாதவர் இருப்பார், சனிக்கிழமை கவிச்சியே தொடாதவரும் இருப்பார். சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தபோது இதை யோசித்தீர்களா? கறியும் சீஸும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு ஒரே பலகையில் இருந்தால், பாதிப் பேர் பிஸ்கட்டை மட்டும் கடித்துவிட்டுப் பிரியாணிக்குக் காத்திருப்பார்கள். சைவர்களுக்கு அதுவும் இல்லை. கறிக்கு ஒரு தட்டு, மற்றதற்கு ஒரு பலகை என்று பிரித்துவிடுங்கள். இடுக்கியும் தனித்தனியாக இருக்கட்டும். ஹலால் சிக்கன் சலாமி, புகையூட்டிய சிக்கன் போதும்.

அளவு: பின்னால் சாப்பாடு இருந்தால் ஆளுக்கு 50 கிராம் கறி, 50 கிராம் சீஸ் என்பது வழக்கமான கணக்கு. 12 பேருக்கு ஒவ்வொன்றும் 600 கிராம். வரப்போவது ஆம்பூர் பிரியாணி என்பதால் ஒவ்வொன்றையும் 400 கிராமிலேயே நிறுத்திக்கொள்ளலாம். சீஸில் செடார், கௌடா மாதிரி கெட்டியானதை வாங்குங்கள். பிரீ மாதிரி மென்மையானது நம் ஊர்ச் சூட்டில் ஒழுகிவிடும். கொடைக்கானலிலும் ஆரோவில்லிலும் நல்ல சீஸ் செய்கிறார்கள், கிடைத்தால் விடாதீர்கள்.

வெயில் பற்றிக் கேட்டதுதான் கடிதத்தில் இருந்த ஒரே புத்திசாலித்தனமான கேள்வி. வெளியே வைத்த கறியும் சீஸும் இரண்டு மணி நேரம் தாங்கும் என்பது குளிர்ந்த அறைக்கான கணக்கு. 32 டிகிரி தாண்டினால் ஒரு மணி நேரம்தான். நம் ஊரில் சித்திரை, வைகாசியில் 40ஐத் தொட்டுவிடுகிறது, சாயந்திரம் ஆனாலும் வீட்டுச் சுவர் சூட்டை விடாது. இத்தாலியில் ஒரு வருடத்துக்கு மேல் காயவைத்த ஹாமின் படத்தைப் பார்த்துவிட்டு ஏமாறாதீர்கள். இங்கே பாக்கெட்டில் வரும் சிக்கன் சலாமி பெரும்பாலும் வேகவைத்த, ஈரமுள்ள சரக்கு. அது சீக்கிரம் கெடும். பாதியை வையுங்கள், மீதி ஃபிரிட்ஜில் இருக்கட்டும், காலியாகக் காலியாகக் கொண்டுவாருங்கள். வந்தவர்கள் செருப்பைக் கழற்றிய பிறகு பலகையை வெளியே எடுத்தால் போதும்.

மற்றதற்கெல்லாம் நம் ஊர்ப் பொருட்களே போதும். இறக்குமதி பாதாமுக்குப் பதில் வறுத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. சீஸ் மேல் ஊற்ற ஜவ்வாது மலைத் தேன். தொட்டுக்கொள்ள இலவம்பாடி முள்ளு கத்தரிக்காயைத் தணலில் சுட்டு, தோலுரித்து, பூண்டும் எலுமிச்சையும் சேர்த்து மசித்த துவையல். 2023ல் புவிசார் குறியீடு வாங்கிய காய் அது, பிரியாணிக்குத் தொட்டுக்க மட்டும் பிறந்ததில்லை. புளிப்புக்கு மாங்காய் ஊறுகாய் ஒரு கிண்ணம், அப்புறம் கொய்யா, பன்னீர் திராட்சை. ஆற்காடு மக்கன் பேடாவும் வைக்கலாம். ஆனால் பாகு சொட்டும், தனிக் கிண்ணத்தில் வையுங்கள்.

சரி, அடுக்குவது. முதலில் கிண்ணங்கள், பிறகு சீஸ், அப்புறம் பழம், கடைசியில் இடைவெளிகளில் மல்லாட்டை. இதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. நம்மவர்களிடம் இருக்கும் சிக்கலே வேறு. வாசல் கோலம் மாதிரி அழகாகப் போட்டுவிட்டால் யாரும் முதலில் கை வைக்க மாட்டார்கள். பொதுத்தட்டில் எச்சில் பட்டுவிடுமோ என்ற கூச்சமும் இருக்கும். ஆளுக்கொரு சின்னத் தட்டும், பல்குச்சியும், இடுக்கியும் வையுங்கள். ‘அத்தை, நீங்க முதல்ல எடுங்க’ என்று மாமியாரிடம் நீட்டுங்கள். அவர் ஒரு துண்டு கொய்யாவை எடுத்துவிட்டால் போதும், மற்ற கைகள் தானாக வரும். வீட்டில் பெரியவர் இல்லாத மாலையில் இதற்கு யாரைத் தேடுவீர்கள்?

மணையைப் பற்றி இன்னும் ஒன்று. அது மனிதர் உட்காரச் செய்தது. என்ன வார்னிஷ் அடித்தார்களோ, யாருக்குத் தெரியும்? உணவு நேரடியாக அதன் மேல் படக்கூடாது. அவர் மனமாரச் சம்மதித்தால் வாழையிலை விரித்து, சைவப் பலகையாக மட்டும் வையுங்கள். முகம் சுருங்கினால் வற்புறுத்தாமல் துடைத்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, அகலமான தாம்பாளம் எடுங்கள். பித்தளை என்றால் அதிலும் இலை போடுங்கள், புளிப்பு நேராகப் படக்கூடாது.

விருந்து முடிந்ததும், வெளியே ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடந்த சலாமியையும் சீஸையும் கொட்டிவிடுங்கள். ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் சூடுபண்ணி மாமியார் தட்டில் வைக்க வேண்டாம்.