கை ரிச்சியின் ஷெர்லாக் ஹோம்ஸ் படம் மூலக் கதைகளைக் கெடுத்துவிட்டதா?

கேள்வி கேட்டவர் சொல்வது கை ரிச்சி இயக்கிய 2009 படத்தை. துப்பறியும் ஹோம்ஸாக ராபர்ட் டௌனி ஜூனியர், அவருடைய நண்பர் வாட்சனாக ஜூட் லா. மூளையால் ஜெயிக்கிற ஆளைச் சட்டையைக் கழற்றிவிட்டுக் குத்துச்சண்டை போட வைத்துவிட்டார்கள் என்பது அவருடைய குறை.

அடிதடிக்காகப் படத்தின் மேல் பழி போட முடியாது. அது மூலக் கதைகளின் ஆசிரியர் கோனன் டாயில் எழுதியதிலேயே இருக்கிறது. எனக்கு இந்தப் படத்தின் மேல் இருப்பது வேறு வருத்தம். அதைப் பிறகு சொல்கிறேன்.

1887-இல் வந்த முதல் நாவலிலேயே ஹோம்ஸுக்கு என்னென்ன தெரியும், தெரியாது என்று வாட்சன் ஒரு பட்டியல் போடுகிறார். இலக்கியம் பூஜ்யம், தத்துவம் பூஜ்யம், வானவியல் பூஜ்யம். அதே பட்டியலில் கம்புச்சண்டை, குத்துச்சண்டை, வாள்வீச்சு மூன்றிலும் கைதேர்ந்தவர் என்றும் வருகிறது. இரண்டாவது நாவலில் பாண்டிச்சேரி லாட்ஜ் என்று ஒரு வீடு (ஆமாம், நம்ம பாண்டிச்சேரிதான் பெயரில், வீடு இருப்பது லண்டனில்). அதன் வாசலில் மெக்மர்டோ என்ற பழைய பந்தயக் குத்துச்சண்டைக்காரர் காவல் நிற்கிறார். யாரையும் உள்ளே விடமாட்டேன் என்று அடம்பிடிக்கிறார். 'நாலு வருஷத்துக்கு முன்னால் உன்னோடு மூன்று ரவுண்டு மோதினேனே, மறந்துவிட்டாயா?' என்று ஹோம்ஸ் கேட்டதும் ஆள் குளிர்ந்துபோய், திறமையை வீணாக்கிவிட்டீர்களே என்று அங்கலாய்க்கிறார். படத்தில் ஹோம்ஸ் கூண்டுக்குள் மோதுகிற மலைபோன்ற ஆளின் பெயரும் மெக்மர்டோதான். கதைகளைப் படித்தவர்களுக்காகவே வைத்தது அது.

அந்தச் சண்டைதான் படத்தின் உயிர். ஹோம்ஸ் தோற்றதுபோல விலகி நடக்கிறார், எதிராளி பின்னந்தலையில் துப்புகிறான். உடனே எல்லாம் மெதுவாகிறது. முதலில் கைக்குட்டையை வீசிக் கவனத்தைக் கலைப்பது, அப்புறம் காது, தாடை, விலா எலும்பு என்று ஒவ்வோர் அடியையும் அது எங்கே விழும், என்ன உடையும் என்று ஹோம்ஸின் குரல் கணக்குப் போடுகிறது. உடம்பு தேற ஆறு வாரம், மனசு தேற ஆறு மாதம், பின்னந்தலையில் துப்பும் திறன் பூஜ்யம். கணக்கு முடிந்ததும் அதே அடிகள் நிஜ வேகத்தில் சில நொடிகளில் நடந்து முடிகின்றன. சினிமாவில் ஒருவர் யோசிப்பதைக் காட்டுவது கஷ்டம். உட்கார்ந்து புகைத்துக்கொண்டே யோசிக்கிறார் என்று காட்டினால் பார்க்கிறவனுக்குக் கொட்டாவி வரும். இங்கே துப்பறியும் மூளையையே சண்டைக்கு இறக்கிவிட்டார்கள். ஆகவே மூளைக்குப் பதில் முஷ்டி என்ற குற்றச்சாட்டு இந்தப் படத்துக்குப் பொருந்தாது.

நகைச்சுவையும் அப்படித்தான், பெரும்பாலும் கதைகளிலிருந்தே கிளம்புகிறது. சுவரில் துப்பாக்கியால் சுட்டு விக்டோரியா ராணியின் முதலெழுத்துகளைப் பொறிப்பது டாயில் எழுதியது. படத்தில் அதே அறையில், சுடும் சத்தத்தை அடக்கும் கருவி கண்டுபிடிக்கிறேன் என்கிறார் ஹோம்ஸ். வேலை செய்யவில்லை என்று வாட்சன் ஒரே வரியில் முடித்துவிடுகிறார். பழைய படங்களில் ஹோம்ஸாக நடித்த பேசில் ராத்போனுக்குப் பக்கத்தில் நைஜல் புரூஸ் செய்த வாட்சன், எதையும் தாமதமாகப் புரிந்துகொள்ளும் அப்பாவிக் கிழவர். பல தலைமுறைக்கு அவர்தான் வாட்சன். ஆனால் கதையில் வருபவர் ஆப்கன் போரில் குண்டடிபட்டுத் திரும்பிய ராணுவ மருத்துவர், துப்பாக்கியோடு கூடப் போகிறவர். ஜூட் லா அவரை மீட்டுக் கொடுத்திருக்கிறார். என்னைக் கேட்டால் இந்தப் படத்தில் சரியாக அமைந்த முதல் ஆள் அவர்தான், டௌனி அடுத்துதான். வாட்சன் கல்யாணம் செய்துகொண்டு வீட்டை விட்டுப் போகப் போகிறார், அது ஹோம்ஸுக்குப் பொறுக்கவில்லை. படம் முழுக்க வரும் சிரிப்பெல்லாம் இந்த ஒரு பொருமலில்தான் ஓடுகிறது.

சரி, வருத்தத்துக்கு வருகிறேன். வில்லன் பிளாக்வுட் பிரபு தூக்கில் தொங்கிச் செத்து, கல்லறையை உடைத்துக்கொண்டு திரும்பி வருகிறார். மந்திரம் என்று லண்டனே நடுங்குகிறது. கடைசியில், பாதி கட்டிய டவர் பிரிட்ஜ் மேல் நின்றுகொண்டு, ஒரு செடியின் தேனிலிருந்து எடுத்த விஷம், தூக்குக் கயிற்றில் மறைத்த கொக்கி என்று ஹோம்ஸ் வரிசையாக விளக்குகிறார். பேய் மாதிரி தெரிவதற்குப் பின்னால் மனிதக் கை இருக்கும் என்பது அசல் டாயில் பாணிதான். ஆனால் அந்தத் தடயங்களை நாம் பார்க்கிறபோது ஹோம்ஸ் எதையோ முகர்கிறார், நக்கிப் பார்க்கிறார், அவ்வளவுதான். நமக்கு யோசிக்க எதுவும் தருவதில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டுக் கடைசியில் எடுத்துக் காட்டினால் அதில் என்ன சாமர்த்தியம்? டாயிலும் சில கதைகளில் இந்த வேலையைச் செய்தவர்தான். ஆனால் பந்தயக் குதிரை காணாமல் போகும் கதையில் ராத்திரி நாய் குரைக்கவில்லை என்பதும், லாயப் பையன் சாப்பிட்ட மசாலா போட்ட ஆட்டுக்கறியும் நம் கண்முன்னேதான் கிடக்கின்றன. நாம்தான் கோட்டை விடுகிறோம். அந்தச் சுகம் படத்தில் கிடையாது.

இன்னொன்று ஐரீன் அட்லர். 1891-இல் வந்த கதையில் அவர் ஹோம்ஸை முழுசாக ஏமாற்றிவிட்டு, தான் விரும்பிக் கட்டிக்கொண்ட கணவனோடு ஊரைவிட்டுப் போய்விடுகிறார். அதற்கு முன்னால் ஆண் வேஷத்தில் ஹோம்ஸின் வீட்டு வாசலிலேயே அவருக்கு இரவு வணக்கம் சொல்லிவிட்டுப் போகிற தைரியம் வேறு. படத்தில் அவரைத் திருடியாக்கி, ஹோம்ஸுக்குப் பழைய காதலியாக்கி, ஹோம்ஸின் பரம எதிரியான மோரியார்ட்டி என்ற பேராசிரியருக்குப் பயந்து ஏவல் செய்பவராக்கிவிட்டார்கள். ஐரீனாக நடித்த ரேச்சல் மெக்ஆடம்ஸ் மேல் தப்பில்லை, எழுதினவர்கள் மேல்தான். மூலத்துக்குத் துரோகம் என்று எதையாவது சொல்வதானால் நான் இதைத்தான் சொல்வேன்.

2011-இல் வந்த இரண்டாம் பாகத்தையும் சேர்த்துப் பாருங்கள். கதை இன்னும் தாறுமாறு, ஐரீனை ஆரம்பத்திலேயே முடித்துவிடுகிறார்கள். ஆனால் சுவிட்சர்லாந்தின் ரைகன்பாக் அருவிக்கு மேலே ஒரு மாடத்தில் ஹோம்ஸ் தன் வழக்கப்படி மனசுக்குள் சண்டையைக் கணக்குப் போட ஆரம்பிக்கிறார். ஜாரெட் ஹாரிஸின் மோரியார்ட்டியும் அதேபோல் கணக்குப் போடுகிறார். ஒருவர் நகர்வை மற்றவர் முன்கூட்டியே வெட்டுகிறார். தோளில் காயத்தோடு தன்னால் ஜெயிக்க முடியாது என்று ஹோம்ஸுக்குத் தெரிந்துவிடுகிறது. அதற்கப்புறம் அவர் செய்வதைச் சொல்லிக் கெடுக்கமாட்டேன். டாயில் தன் கதையில் அந்த அருவி மோதலை நேரடியாகக் காட்டவே இல்லை. வாட்சன் வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருக்கும், என்ன நடந்தது என்று ஹோம்ஸ் சொல்வது பல ஆண்டு கழித்து வந்த கதையில்.

கதை படிக்காதவர்களும் தாராளமாகப் பார்க்கலாம். குழந்தைகளோடு பார்ப்பதானால் மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். முதல் காட்சியிலேயே நரபலிச் சடங்கு வருகிறது. நடுவில் பன்றி அறுக்கும் கூடத்தில் ஒரு நீளமான காட்சியும் உண்டு.